பழைய சினிமா அரண்மனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் 1910களில் தொடங்கி 1930களின் ஆரம்பம் வரை கட்டப்பட்ட பிரம்மாண்டமான சினிமா தியேட்டர்களைப் பற்றியும், அவற்றை ஊர் ஊராக வரிசையாக வைத்திருந்த கம்பெனிகளை, அதாவது தியேட்டர் செயின்களைப் பற்றியும் பேச்செடுத்தால் ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

மூவி பேலஸ்னா என்னங்க? பெரிய தியேட்டர் எல்லாமே பேலஸ்தானா?

இல்லை. ஆயிரம் சீட் இருந்தாலும் நாலு சுவரும் ஒரு திரையும் மட்டும் இருந்தால் அது வெறும் பெரிய தியேட்டர். பேலஸ் என்றால் அதற்குச் சில அடையாளங்கள் உண்டு. சாலையிலிருந்து உள்ளே நுழைந்ததும் மூன்று நான்கு மாடி உயரத்துக்கு ஒரு லாபி, அதிலிருந்து மேலே ஏறும் அகலமான படிக்கட்டு, சரவிளக்குகள், திரைக்கு முன்னால் நாடகமே போடக்கூடிய முழு மேடை, அதற்கு முன்பக்கம் இசைக்குழு உட்கார ஒரு பள்ளம், குழாய்களில் காற்றைச் செலுத்தி வாசிக்கும் பைப் ஆர்கன் ஒன்று, இருட்டில் உங்களை சீட் வரை கூட்டிப்போகச் சீருடை போட்ட ஆட்கள். சீட் எண்ணிக்கை பல இடங்களில் இரண்டாயிரத்தைத் தாண்டும், பெரியவற்றில் நாலாயிரம், ஐந்தாயிரம்.

காலமும் முக்கியம். 1913-14இல் தொடங்கி 1932 வரை, இருபது வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் அழகான தியேட்டர்கள் வந்தன, ஆனால் அவை வேறு கணக்கில் கட்டப்பட்டவை.

அதுக்கு முன்னாடி அங்க படம் எங்க பாத்தாங்க? நம்ம டூரிங் டாக்கீஸ் மாதிரியா?

ஊர் ஊராக புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அங்கும் இருந்தார்கள். பாட்டு, கூத்து, வித்தை எல்லாம் கலந்த வாட்வில் மேடைகளிலும் நடுவே ஒரு துண்டுப் படம் ஓட்டுவார்கள். 1905 ஜூனில் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஹாரி டேவிஸ், ஜான் ஹாரிஸ் என்ற இருவர் ஒரு கடைக்குள் நாற்காலிகளைப் போட்டு, ஐந்து சென்ட் டிக்கெட்டில் நாள் முழுக்கப் படம் மட்டுமே ஓட்ட ஆரம்பித்தார்கள். அதற்கு நிக்கலோடியன் என்று பெயர் வைத்தார்கள். இரண்டு மூன்று வருடத்தில் இப்படி ஆயிரக்கணக்கான கடைகள் நாடு முழுக்க முளைத்துவிட்டன.

அங்கே போனவர்களில் பெரும்பாலானவர்கள் கூலி வேலை செய்தவர்கள், புதிதாகக் குடியேறியவர்கள். இருட்டு, புழுக்கம், நெரிசல். வசதியான குடும்பங்கள் அந்தப் பக்கமே வராது. பின்னாளில் பெரிய சினிமா முதலாளிகளாக ஆன மார்கஸ் லோ, வில்லியம் ஃபாக்ஸ், பலபான் சகோதரர்கள் எல்லோருமே இப்படிச் சின்னக் கடைகளில் ஆரம்பித்தவர்கள்தான். வராமல் இருக்கும் அந்தக் குடும்பங்களை எப்படி வரவழைப்பது என்பதுதான் அவர்கள் எல்லோருக்கும் முன்னால் இருந்த கேள்வி. பேலஸ் அதற்குக் கிடைத்த பதில்.

அப்ப முதல் பேலஸ் எது?

நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியில் 1913இல் திறந்த ரீஜன்ட் தியேட்டரைச் சிலர் சொல்வார்கள். 1914 ஏப்ரலில் பிராட்வேயில் திறந்த, ஏறக்குறைய 3,000 சீட் கொண்ட ஸ்ட்ராண்ட் தியேட்டரைப் பலர் சொல்வார்கள். என் கணக்கில் ஸ்ட்ராண்ட்தான். நாடகங்களின் தலைநகரமான பிராட்வேயிலேயே சினிமாவுக்கென்று இவ்வளவு பெரிய கட்டடம் வந்ததும்தான் மற்ற ஊர் முதலாளிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டையும் வரைந்தவர் தாமஸ் லாம்ப், ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்தில் பிறந்து அமெரிக்கா போன கட்டடக் கலைஞர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம் நாட்டுக் கதைக்கும் அவர் வருவார். இரண்டு தியேட்டர்களிலும் நிகழ்ச்சிகளை நடத்திப் பெயர் வாங்கியவரைப் பற்றித்தான் அடுத்த கேள்வி.

ராக்ஸினு ஊர் ஊருக்குத் தியேட்டர் இருந்திருக்கு, புரசைவாக்கத்துலகூட இருந்துச்சு. அது யார் பேரு?

சாமுவேல் ரோதாஃபெல் என்பவருடைய செல்லப்பெயர். பென்சில்வேனியாவில் ஒரு சிறிய ஊரில் மதுக்கடையின் பின்கட்டில் படம் ஓட்டித் தொழிலைக் கற்றவர். அப்புறம் நியூயார்க் வந்து ரீஜன்ட், ஸ்ட்ராண்ட், ரியால்டோ, ரிவோலி, கேப்பிடல் என்று வரிசையாகப் பெரிய தியேட்டர்களை நடத்தினார். படத்துக்கு ஏற்ற இசை, திரை விலகும் நேரம், விளக்கு மங்கும் வேகம், எல்லாவற்றையும் ஒரே நிகழ்ச்சியாகக் கோத்தவர் இவர். 1922 முதல் கேப்பிடல் தியேட்டரிலிருந்து வானொலியிலும் பேச ஆரம்பித்ததில் நாடு முழுக்கப் பெயர் பரவியது.

1927 மார்ச் 11இல் அவர் பெயரிலேயே ராக்ஸி தியேட்டர் திறந்தது. 5,920 சீட், 110 பேர் கொண்ட இசைக்குழு, ஒரே ஆர்கனை மூன்று பேர் சேர்ந்து வாசிக்க மூன்று தனித்தனி இருக்கைகள், தியேட்டருக்குள்ளேயே ஒரு சிறிய மருத்துவ அறை. சீட் காட்டும் பையன்களுக்கு ராணுவத்தில் போலப் பயிற்சி, தினமும் அணிவகுப்பு. மதுரை தங்கம் தியேட்டரை ஆசியாவிலேயே பெரியது என்று நாம் பெருமையாகச் சொல்வோமே, அதில் 2,500க்குக் கொஞ்சம் மேலே சீட். அப்படி இரண்டு தங்கத்தைச் சேர்த்தாலும் ராக்ஸிக்கு எட்டாது. ஒரு ஆள் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயர் உலகம் முழுக்கத் தியேட்டர்களுக்குப் பொதுப்பெயர் ஆனது சினிமா சரித்திரத்தில் அபூர்வம்.

படம் பாக்க எதுக்கு இவ்ளோ ஆடம்பரம்? வீண் செலவு இல்லையா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான், நான் பொறுமையாகப் பதில் சொல்ல ஆசைப்படுவதும் இதற்குத்தான். அந்த ஆடம்பரம் ஒரு தொழில் திட்டம். சிகாகோவின் பலபான் அண்ட் காட்ஸ் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். பார்னி பலபான், அவர் தம்பி ஏ.ஜே. பலபான், சாம் காட்ஸ் மூவரும் 1917இல் நகரத்தின் மேற்குப் பகுதியில் சென்ட்ரல் பார்க் தியேட்டரைத் திறந்தபோது பெரிய நட்சத்திரங்களின் படங்கள் அவர்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை, அவை போட்டிக்காரர்கள் கையில் இருந்தன. படத்தை வைத்து ஜெயிக்க முடியாதபோது தியேட்டரை வைத்துத்தான் ஜெயிக்க வேண்டும். நடுத்தரக் குடும்பங்கள் புதிதாகக் குடியேறிய பகுதிகளில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டுப் படம் பார்க்க இலவசமாக ஒரு அறை, அதில் பார்த்துக்கொள்ள ஆள். வெள்ளைக் கையுறை போட்ட பையன்கள், டிப்ஸ் வாங்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. ஒரு தொழிலாளி டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் இரண்டு மணி நேரத்துக்கு அவனை யாரோ ஒருவர் சார் என்று கூப்பிட்டார். எனக்கு அந்தச் சரவிளக்குகளைவிட இது பெரிய விஷயமாகத் தெரிகிறது.

செலவைப் பற்றிச் சொன்னால், கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இல்லை. 1921இல் அதே கம்பெனி திறந்த சிகாகோ தியேட்டரின் முகப்பு வளைவு பாரிஸின் வெற்றி வளைவை வைத்தும், லாபி வெர்சாய் அரண்மனையின் தேவாலயத்தை வைத்தும் வரையப்பட்டவை. அந்த மாதிரி இடங்களில் பளிங்காகவும் தங்கமாகவும் தெரிவதில் பெரும்பகுதி பிளாஸ்டர். அச்சில் வார்த்து, வரிசையாக ஒட்டி, மேலே பளிங்கின் நரம்பு ஓடுவது போலத் தூரிகையால் வரைந்து, ஓரங்களில் மட்டும் பொன் பூச்சு. பழுதாகி விரிசல் விட்ட இடத்தில் உற்றுப் பார்த்தால் பொன் நிறத்துக்குக் கீழே வெள்ளைத் தூளும், பிடிமானத்துக்காகக் கலந்த நாரும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தொழிலாளர்களின் கைவேலையை இன்று அதே செலவில் யாராலும் செய்ய முடியாது, இடித்ததைத் திரும்பக் கட்ட முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏசி முதல்ல வந்ததே தியேட்டர்லதான்னு சொல்றாங்களே, உண்மையா?

முதலில் வந்தது தொழிற்சாலைகளில். 1902இல் வில்லிஸ் கேரியர் ஒரு அச்சகத்துக்காகத்தான் அதை வடிவமைத்தார், காற்றில் ஈரம் ஏறி இறங்கினால் காகிதம் சுருங்கி விரிந்து அச்சு தப்பிப் போகும் என்பதற்காக. சாதாரண ஜனங்கள் முதன்முதலில் ஏசியை உடம்பில் உணர்ந்தது எங்கே என்று கேட்டால், ஆமாம், பெரும்பாலும் தியேட்டரில்தான்.

பார்னி பலபான் அதற்கு முன் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்தவர். சிகாகோ அப்போது நாட்டுக்கே இறைச்சி அனுப்பும் ஊர், அந்தத் தொழிலின் குளிரூட்டும் முறையைத்தான் சென்ட்ரல் பார்க்கில் ஜனங்களுக்காக மாற்றிப் போட்டார்கள். அதுவரை கோடையில் தியேட்டரை மூடிவிடுவதே வழக்கமாக இருந்தது. அப்புறம் கோடைதான் நல்ல வசூல் காலம் என்று ஆனது. 1925இல் நியூயார்க் ரிவோலியில் கேரியர் தன் புது இயந்திரத்தைப் போட்டபிறகு மற்றவர்களும் வேகமாகப் பின்தொடர்ந்தார்கள்.

தியேட்டர் கூரையில நட்சத்திரம் மின்னும், மேகம் போகும்னு படிச்சேன். அது எப்படி?

அது ஜான் எபர்சனின் கைவண்ணம். அன்றைய ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தில் பிறந்தவர், வியன்னாவில் மின்சாரப் பொறியியல் படித்தவர், 1901இல் அமெரிக்கா வந்தவர். 1923இல் ஹூஸ்டன் நகரத்தில் மெஜஸ்டிக் தியேட்டரைக் கட்டியபோது சரவிளக்கும் சித்திரக் கூரையும் வேண்டாம் என்று விட்டுவிட்டார். வழவழப்பான பிளாஸ்டர் கூரைக்கு ஆழ்ந்த நீலம் அடித்து, அதில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, பின்னால் பல்புகளை வைத்தார். இரண்டு பக்கச் சுவர்களிலும் மாடங்களும் ஜன்னல்களும் கொடிகளும் வைத்து ஒரு இத்தாலிய வீட்டு முற்றம் மாதிரி செய்தார். மூலையில் மறைவாக ஒரு சிறிய புரொஜெக்டர், அதில் மேகம் வரைந்த கண்ணாடித் தட்டு மெதுவாகச் சுழலும். விளக்கு மங்கினால் சூரியன் மறைந்து இரவு ஆகிவிட்டது போலத் தோன்றும், தலைக்கு மேலே மேகம் நகரும்.

இன்னொரு லாபமும் உண்டு, வேலைப்பாடு மிகுந்த கூரையைவிட இதற்குச் செலவு குறைவு. ஃபுளோரிடாவின் டாம்பா தியேட்டர், 1926இல் எபர்சன் கட்டியது, இன்றும் படம் ஓட்டுகிறது.

செயின்னு சொல்றீங்களே, அந்தக் காலத்துல யார் யார்கிட்ட தியேட்டர் இருந்துச்சு?

ஐந்து பெரிய கம்பெனிகள்: பாரமவுண்ட், லோ, ஃபாக்ஸ், வார்னர், ஆர்.கே.ஓ. ஐந்துமே படமும் எடுத்தன, விநியோகமும் செய்தன, தியேட்டரும் வைத்திருந்தன. எம்.ஜி.எம். என்று நாம் சிங்கத்தோடு நினைவில் வைத்திருக்கும் ஸ்டுடியோ, மார்கஸ் லோவின் தியேட்டர்களுக்குப் படம் வேண்டும் என்பதற்காக 1924இல் உருவானது. தியேட்டர்தான் முதலில், ஸ்டுடியோ பின்னால். பலபான் அண்ட் காட்ஸ் 1925-26இல் பாரமவுண்ட் தரப்போடு சேர்ந்து பப்ளிக்ஸ் என்ற பெயரில் நாடு தழுவிய செயின் ஆனது, சிகாகோ முறைகள் எல்லா ஊருக்கும் போயின. பார்னி பலபான் 1936இல் பாரமவுண்டுக்கே தலைவர் ஆனார்.

வில்லியம் ஃபாக்ஸின் கதை வேகமாக ஏறி வேகமாக விழுந்த கதை. ராக்ஸி தியேட்டர் திறக்கும் நேரத்திலேயே அவர் கைக்குப் போய்விட்டது. டெட்ராய்ட், செயின்ட் லூயிஸ், அட்லாண்டா, சான் பிரான்சிஸ்கோ என்று 1928-29இல் பிரம்மாண்டமான ஃபாக்ஸ் தியேட்டர்கள் வரிசையாக வந்தன. மார்கஸ் லோ இறந்தபிறகு லோ கம்பெனியின் பங்குகளையே கடன் வாங்கி வாங்கினார். 1929 ஜூலையில் கார் விபத்தில் படுகாயம், அக்டோபரில் பங்குச் சந்தை சரிவு, 1930இல் சொந்தக் கம்பெனியே கையை விட்டுப் போனது.

ஸ்டுடியோவே தியேட்டர் வச்சிருந்தா என்ன தப்பு? படம் நல்லபடியா ஓடுமே?

அவர்களுக்கு நன்றாகத்தான் ஓடியது. நம் ஊரில் ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று சொல்வோமே, அங்கே அதை எழுத்து பூர்வமாகவே வைத்திருந்தார்கள். புதுப்படம் முதலில் நகர மையத்தில் இருக்கும் பேலஸில். அங்கே ஓடி முடிந்த பிறகு இத்தனை நாள் இடைவெளி, அப்புறம் அடுத்த வட்டத் தியேட்டர், மறுபடி இடைவெளி, கடைசியில் ஓரத்துச் சின்னத் தியேட்டர். முதல் ரிலீஸில்தான் பணம். அதனால் எல்லாத் தியேட்டரையும் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. நாட்டில் இருந்த 18,000 சொச்சம் தியேட்டர்களில் ஐந்து கம்பெனிகளுக்கும் பங்கு இருந்தது 17 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேதான், ஆனால் ஒரு லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை கொண்ட 92 நகரங்களில் முதல் ரிலீஸ் தியேட்டர்களில் குறைந்தது 70 சதவீதம் அவர்களோடு சேர்ந்தவை.

தனி முதலாளிகள் நிலைமை மோசம். ஒரு நல்ல படம் வேண்டும் என்றால் அதோடு சேர்த்துப் பார்க்காத படங்களையும் மொத்தமாக எடுக்க வேண்டும், சில சமயம் இன்னும் எடுக்கவே ஆரம்பிக்காத படங்களை. பேலஸ்களின் அழகை நான் எவ்வளவு நேசித்தாலும் அந்த லாபிகளுக்கான பணம் ஓரளவு இப்படி வந்தது என்பதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

எல்லாரையும் உள்ள விட்டாங்களா? கறுப்பின மக்களுக்கு இடம் இருந்துச்சா?

தொழிலாளியை சார் என்று கூப்பிட்டார்கள் என்று மேலே சொன்னேன், அது வெள்ளைத் தொழிலாளி. தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குப் பக்கவாட்டில் தனி வாசல், தனி டிக்கெட் கவுண்டர், வெளிப்புறப் படிக்கட்டில் ஏறி உச்சியில் இருக்கும் கேலரி. லாபியின் பளிங்குப் படிக்கட்டு அவர்கள் கண்ணிலேயே படாது. அட்லாண்டா ஃபாக்ஸில் அந்தத் தனி வாசல் கட்டடத்தின் வரைபடத்திலேயே இருந்தது. சில ஊர்களில் உள்ளேயே விடவில்லை. வடக்கில் சட்டம் இல்லாவிட்டாலும் பழக்கத்தில் ஓரமாக உட்கார வைத்தார்கள்.

சிகாகோவில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் 1928இல் ரீகல் தியேட்டர் திறந்தது. முழு பேலஸ், அவர்களுக்காகவே கட்டப்பட்டது. பெரிய ஜாஸ் கலைஞர்கள் எல்லாம் அந்த மேடையில் வாசித்திருக்கிறார்கள். 1973இல் இடித்துவிட்டார்கள். பேலஸ்களைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டுப் போவது எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை.

பேசும் படம் வந்ததும் அந்த ஆர்கன், இசைக்குழு எல்லாம் என்ன ஆச்சு?

1927 அக்டோபரில் வார்னர் கம்பெனியின் ஜாஸ் சிங்கர் வந்தது, மூன்று நான்கு வருடத்தில் தியேட்டர்கள் எல்லாம் ஒலிபெருக்கிக்கு மாறிவிட்டன. ஆயிரக்கணக்கான வாத்தியக்காரர்கள் வேலை இழந்தார்கள். மேடை நிகழ்ச்சி நடத்திய பெரிய தியேட்டர்களில் மட்டும் இசைக்குழு கொஞ்ச காலம் தாக்குப் பிடித்தது. ஆர்கன்கள் பல இடங்களில் மேடைக்குக் கீழேயே தூசி மூடிக் கிடந்தன, சிலவற்றை சர்ச்சுகள் வாங்கிக்கொண்டன.

ஒலியோடு சேர்ந்து பொருளாதார வீழ்ச்சியும் வந்தது. 1933இல் பாரமவுண்ட் பப்ளிக்ஸ் திவால், ஆர்.கே.ஓ.வும் நீதிமன்றப் பொறுப்பில். புது பேலஸ் கட்டுவது அதோடு நின்றது. கடைசிப் பெரியது 1932 டிசம்பர் 27இல் நியூயார்க்கில் திறந்த ரேடியோ சிட்டி மியூசிக் ஹால். அதற்கும் ராக்ஸியைத்தான் கூப்பிட்டார்கள். மேடை நிகழ்ச்சி மட்டும் போதும், படம் வேண்டாம் என்று ஆரம்பித்தார், எடுபடவில்லை, இரண்டு வாரத்தில் படம் போட வேண்டியதாகிவிட்டது. 1936இல் இறந்துபோனார். பாப்கார்னும் இந்தக் கஷ்ட காலத்தில்தான் உள்ளே வந்தது. கம்பளத்தில் சிந்தும், வாசனை அடிக்கும் என்று அதுவரை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

டிவி வந்துதானே இதெல்லாம் செத்துப்போச்சு?

எல்லோரும் சொல்வது இது, பாதிதான் சரி. அமெரிக்காவில் தியேட்டருக்குப் போகிறவர்கள் எண்ணிக்கை 1946இல் உச்சம், 1947லிருந்தே இறங்க ஆரம்பித்துவிட்டது. 1950இல்கூடப் பத்து வீட்டில் ஒன்றில்தான் டிவி இருந்தது. இல்லாத டிவி எப்படிக் கூட்டத்தைக் குறைக்கும்? போர் முடிந்து திரும்பியவர்கள் கல்யாணம் செய்து, குழந்தை பெற்று, நகரத்துக்கு வெளியே கடனில் வீடு வாங்கிக் குடிபோனார்கள். பேலஸ் இருந்ததோ நகரத்துக்குள், டிராம் நிற்கும் இடத்தில். கார் நிறுத்த இடம் கிடையாது. கைக்குழந்தையோடு இருபது மைல் யார் போவார்கள்? அவர்கள் காரிலேயே உட்கார்ந்து பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டருக்குப் போனார்கள்.

டிவி 1950களின் நடுவில் வந்து மிச்சத்தையும் இழுத்துக்கொண்டது. ஆனால் அதற்கு முன்பே பேலஸ்களின் காலில் இன்னொரு வெட்டு விழுந்திருந்தது.

அந்த கோர்ட் கேஸ் பத்தி சொல்லுங்க. பாரமவுண்ட் கேஸ்னு ஒண்ணு இருக்காமே?

ஸ்டுடியோவே தியேட்டர் வைத்திருந்தால் என்ன தப்பு என்ற கேள்விக்கு நான் எழுதியதெல்லாம்தான் அந்த வழக்கின் குற்றச்சாட்டு. 1938இல் அமெரிக்க அரசு தொடுத்தது, ஐந்து பெரிய கம்பெனிகளோடு யுனிவர்சல், கொலம்பியா, யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் மூன்றும் பிரதிவாதிகள். 1948 மே 3இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பு சொன்னது. மொத்தமாகப் படங்களைத் தலையில் கட்டுவது சட்டவிரோதம். அதன் தொடர்ச்சியாகத் தியேட்டர்களையும் தனியாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. ஆர்.கே.ஓ.வும் பாரமவுண்டும் முதலில் இறங்கி வந்தன, லோ கம்பெனி 1959 வரை இழுத்தது.

தீர்ப்பு நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஐயாயிரம் சீட் பேலஸ் என்பது ஸ்டுடியோ பின்னால் நின்று வாராவாரம் புதுப்படமும் பணமும் கொடுத்தால்தான் நடக்கும் கட்டடம். அந்த ஆதரவு போனதும் தனியாக வாடகை, வரி, கரண்ட் பில், ஆள் சம்பளம் எல்லாம் கட்ட முடியவில்லை. பிரிந்த தியேட்டர் கம்பெனிகளும் பழைய கட்டடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. பாரமவுண்டின் தியேட்டர் பிரிவு 1953இல் ஏபிசி டிவி கம்பெனியோடு சேர்ந்தது. லோ தியேட்டர்களை வாங்கியவர்கள் பல இடங்களை இடித்து மனையாக்கி, அப்புறம் ஹோட்டல், இன்சூரன்ஸ் என்று போனார்கள், லோஸ் என்ற பெயரில் ஹோட்டல்கள் இருப்பது அதனால்தான். 1963இல் கன்சாஸ் சிட்டியில் ஸ்டான்லி டர்வுட் என்ற தியேட்டர் முதலாளி ஷாப்பிங் சென்டருக்குள் இரட்டைத் திரை திறந்தார், ஏஎம்சி என்ற இன்றைய தியேட்டர் செயினின் மல்டிபிளெக்ஸ்கள் அந்த வழியில் வந்தவை. பாரமவுண்ட் தீர்ப்பின் கட்டுப்பாடுகளை 2020 ஆகஸ்டில் நீதிமன்றம் விலக்கிக்கொண்டது.

ராக்ஸி தியேட்டர் இப்ப இருக்கா?

இல்லை. 1960இல் மூடி இடித்தார்கள். 1927இல் முதல் நாள் ஓடிய படத்தின் கதாநாயகி குளோரியா ஸ்வான்சன். இடிபாட்டுக்கு நடுவே அவர் மாலை உடையில் கைகளை விரித்து நிற்கும் புகைப்படம் லைஃப் பத்திரிகையில் வந்தது, தேடிப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோ ஃபாக்ஸும் போய்விட்டது. நகரமே அதை வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை 1961இல் வாக்கெடுப்பில் தோற்று, 1963இல் இடித்தார்கள். சிகாகோவில் எபர்சனின் பாரடைஸ் 1956இலேயே போயிற்று.

டெட்ராய்ட்ல ஒரு தியேட்டருக்குள்ள கார் நிறுத்துறாங்களாமே, நிஜமா?

நிஜம். மிச்சிகன் தியேட்டர், 1926இல் திறந்தது, ஏறக்குறைய 4,000 சீட், சிகாகோ தியேட்டரை வரைந்த ராப் அண்ட் ராப் நிறுவனமே இதையும் வரைந்தது. ஒட்டியிருக்கும் அலுவலகக் கட்டடத்தின் பலம் இதோடு பின்னியிருந்தது, தியேட்டரை முழுக்க இடித்தால் அதற்கும் ஆபத்து. வாடகைக்காரர்களுக்கோ கார் நிறுத்த இடம் வேண்டும். 1977இல் உள்ளே சீட், பால்கனி எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு மூன்று அடுக்குக் கான்கிரீட் தளம் போட்டார்கள். மேல் தளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் பொன் பூசிய கூரை அப்படியே இருக்கிறது, பாதி உதிர்ந்து, நடுவில் கம்பி தெரிய. மேடை வளைவில் கிழிந்த திரைத்துணி தொங்கும், அதற்குக் கீழே வெள்ளைக் கோடு போட்டு வரிசையாகக் கார்கள். ஹென்றி ஃபோர்டு 1896இல் தன் முதல் வண்டியைச் செய்த கொட்டகை இதே இடத்தில்தான் இருந்தது.

அப்ப தப்பிச்சது எதுவுமே இல்லையா?

நிறைய இருக்கின்றன. தப்பித்த வழிகள் மூன்று. முதலாவது, இசை அரங்கு. செயின்ட் லூயிஸில் 1968இல், பிட்ஸ்பர்க்கில் 1971இல் பழைய பேலஸ்களை சிம்பனி குழுக்களுக்கான அரங்காக மாற்றினார்கள். இரண்டாவது, சர்ச். லோ கம்பெனி 1929-30இல் நியூயார்க் சுற்றுவட்டாரத்தில் கட்டிய ஐந்து பெரிய தியேட்டர்களில் இரண்டு, குயின்ஸ் வலென்சியாவும் மன்ஹாட்டன் 175ஆம் தெருத் தியேட்டரும், பிரார்த்தனைக் கூடங்கள் ஆயின. சபைகள் அந்தக் கட்டடங்களைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டன, அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மூன்றாவது, ஊர் ஜனங்கள். அட்லாண்டா ஃபாக்ஸை ஒரு தொலைபேசி நிறுவனம் வாங்கி இடிக்கப் பார்த்தபோது 1970களின் நடுவில் பெரிய இயக்கமே நடத்தி மீட்டார்கள். புரூக்ளினில் லோ கம்பெனியின் கிங்ஸ் தியேட்டர் 1977இல் மூடி, மழைநீர் ஒழுகி, திருடர்கள் பிடுங்கிப் போனது போக மிஞ்சியதைச் சரிசெய்து 2015இல் திறந்தார்கள். ஆனால் சிகாகோவின் 4,381 சீட் அப்டவுன், 1981இல் மூடியதற்குப் பிறகு இன்னும் திறக்கவில்லை.

இதுக்கும் நம்ம ஊருக்கும் ஏதாவது தொடர்பு இருக்கா?

நேரடித் தொடர்பே இருக்கிறது. எம்.ஜி.எம். கல்கத்தாவில் 1935இலும் பம்பாயில் 1938இலும் மெட்ரோ என்ற பெயரில் சொந்தத் தியேட்டர் கட்டியது. வரைந்தவர் மேலே சொன்ன அதே தாமஸ் லாம்ப். செயின் என்று பார்த்தால் அதற்கும் முன்பே ஜே.எஃப். மதன் தொடங்கிய கம்பெனி கல்கத்தாவிலிருந்து இந்தியா, பர்மா, இலங்கை என்று நூற்றுக்கு மேற்பட்ட தியேட்டர்களைப் பிடித்து வைத்திருந்தது. அந்தக் கம்பெனியும் பேசும் படத்துக்கு மாறும் செலவில் நொறுங்கியது. கொழும்பில் சிற்றம்பலம் கார்டினர் 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் கம்பெனியைத் தொடங்கினார், கொழும்பில் அவர் பெயரில் ஒரு சாலையே இருக்கிறது.

சென்னையில் 1913இல் வார்விக் மேஜர் நடத்திய எலக்ட்ரிக் தியேட்டரின் கட்டடம் அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் தபால்தலைப் பிரிவாக நிற்கிறது. நம் பெரிய தியேட்டர்கள் ஏன் மறைந்தன என்பதை மேலே சொன்ன காரணங்களை வைத்து அப்படியே விளக்கிவிட முடியாது. இங்கே ஸ்டுடியோக்கள் அந்த அளவுக்குத் தியேட்டர்களைக் கையில் வைத்திருக்கவில்லை. அது வேறு கதை, தனியாக எழுத வேண்டியது.

அமெரிக்காவுல பையன் வீட்டுக்குப் போறேன். உள்ள போய்ப் பாக்கிற மாதிரி ஒண்ணு ரெண்டு சொல்லுங்க.

பையன் கலிஃபோர்னியாவில் விரிகுடாப் பகுதியில் இருந்தால் பாலோ ஆல்டோவில் ஸ்டான்ஃபோர்டு தியேட்டர். 1925இல் கட்டியது, புதுப்பித்து 1989இல் திறந்தது, பழைய படங்கள் மட்டும் ஓட்டுவார்கள், ஆர்கனும் உண்டு. ஓக்லாண்டில் 1931இன் பாரமவுண்ட் தியேட்டரையும் விட்டுவிடாதீர்கள். சிகாகோ பக்கம் என்றால் சிகாகோ தியேட்டர், உள்ளே சுற்றிக் காட்டுவார்கள். ஒஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரத்தின் ஒஹையோ தியேட்டர் தாமஸ் லாம்ப் 1928இல் கட்டியது, கோடையில் ஆர்கன் வாசிப்போடு பழைய படங்கள் போடுகிறார்கள், என்னைக் கேட்டால் அதுதான் முழு அனுபவம்.

நியூஜெர்சி என்றால் ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்துக்கு எதிரே லோஸ் ஜெர்சி, மேலே சொன்ன லோ கம்பெனியின் ஐந்து பெரிய தியேட்டர்களில் ஒன்று. 1986இல் மூடியதை இடிக்க விடாமல் தன்னார்வலர்கள் போராடிக் காப்பாற்றினார்கள். முகப்பின் மேலே கடிகாரமும், குதிரையில் ஏறி டிராகனைக் குத்தும் வீரன் சிலையும் இருக்கும். பெரிய அளவில் சீரமைப்பு வேலை எடுத்திருக்கிறார்கள், உள்ளே விடுகிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். நம் ஆட்கள் மளிகை வாங்கப் போகும் இந்தியக் கடைவீதி அங்கிருந்து நடக்கும் தூரம்தான்.